துரை குடித்த ரசமும் அப்பாயி சுட்ட ரொட்டியும்

புளத்கொகுபிட்டிய என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் கொழும்பில் இருக்கிற யாழ்ப்பாணத்து நண்பர்கள் பெயரின் பின்பாதியைப் பிடித்துக்கொண்டு, "அங்கை பிட்டு நல்லா இருக்குமோ?" என்று கேட்பார்கள். பிட்டிய என்றால் சிங்களத்தில் திடல், அவிக்க முடியாது. புளத் என்றால் வெற்றிலை. ஆக, சாப்பிட்டு முடித்த பிறகு வாயில் போடுகிற சாமானுக்கு ஊர்ப் பெயரில் இடம் கொடுத்த பெரியவர்கள், சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்கள். அந்தக் குறையை எங்கள் வீட்டில் இரண்டு பேர் தீர்த்துவைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி அப்பாயி. இன்னொருவன் சின்னையா மகன்.

அவன் கொழும்பில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் வேலை செய்கிறான். பதினேழு வயதில் வெங்காயம் உரிக்கப் போனவன், உரித்து உரித்து, அழுது அழுது, இப்போது செஃப் ஆகிவிட்டான். 2024 தீபாவளிக்கு முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது பட்டாசு கொண்டுவருவான் என்று பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். அவன் ஒரு பெட்டி நிறையக் கத்தி கொண்டுவந்தான். கூடவே வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு வெள்ளைத் தட்டு.

ராத்திரி அப்பாயி சுட்டு அடுக்கியிருந்த ரொட்டியில் ஒன்றை எடுத்தான். நாலாக வெட்டினான். ஒரு துண்டை மட்டும் தட்டின் நடுவில் கோயில் கோபுரம் மாதிரி நிமிர்த்தி வைத்தான். கட்டச் சம்பலை உளுந்து அளவுக்கு மூன்று இடத்தில் புள்ளி வைத்தான். கருக வாட்டிய தேங்காய்ப்பூவை மேலே தூவினான். கறிவேப்பிலை ஒன்றைப் பொரித்து, அதைச் சாய்த்து வைப்பதா நிமிர்த்தி வைப்பதா என்று ஐந்து நிமிடம் யோசித்தான்.

"நம்ம ரொட்டிதான் அப்பாயி. ஹோட்டல்ல இப்ப இதான் பேமஸ் ஐட்டம்."

அப்பாயி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். தட்டைச் சுற்றிவரப் பார்த்தாள்.

"மிச்ச முக்கா ரொட்டிய எவன்டா தின்னான்?"

அன்றைக்கு மூண்ட சண்டை இன்னும் ஓயவில்லை. பாரம்பரியச் சமையலுக்கும் ரெஸ்டூரன்ட் சமையலுக்கும் நடக்கிற உலகப் போரின் புளத்கொகுபிட்டியக் கிளை இது. நான் நடுவராக உட்கார்ந்தவன். நடுவருக்கு இரண்டு பக்கமும் சாப்பாடு கிடைக்கும் என்பதால் அவசரப்படாமல், இந்தப் பகை எங்கே தொடங்கியது என்று வரலாற்றைக் கிளறிப் பார்த்தேன். கிளறியதில் அடிப்பிடித்த சில விஷயங்கள் மேலே வந்தன.

*

ஒரே மலையில் இரண்டு அடுப்பு எரிந்த கதை அது. உச்சியில் வெள்ளைக்காரத் துரையின் பங்களா அடுப்பு. அடிவாரத்தில் தோட்டத் தொழிலாளியின் லயத்து அடுப்பு. நடுவில் ஸ்டோரு என்கிற தொழிற்சாலை.

எங்கள் பாட்டன் பூட்டன் புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கமிருந்து கங்காணியின் வாய்ச்சாலகத்தை நம்பிக் கடல் தாண்டி வந்தபோது சட்டிபானையைத் தவிரப் பெரிய சொத்து எதையும் தூக்கிவரவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் படுக்கையும் அதுதான், சாமி மாடமும் அதுதான், அடுப்பும் அங்கேதான். அரிசியைத் தோட்டமே கொடுக்கும். கொடுத்த அரிசியைச் சம்பளத்தில் பிடிக்கும். தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் 'பேர்' என்று பெயர். சொன்ன அளவு வேலை முடித்தால் ஒரு பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். மாதக் கடைசியில் விழுந்த பேரையெல்லாம் கூட்டி, தின்ற அரிசியையெல்லாம் கழித்து, மீதி என்று எதையாவது கையில் தருவார்கள். சில மாதம் மனுசன்தான் மீதி.

மேலே பங்களாவில் வேறு உலகம். சூப், மீன், இறைச்சி, புட்டிங் என்று வரிசை கட்டி வரும். 1844இல் தொடங்கிய கார்கில்ஸ் மாதிரியான கொழும்புக் கடைகளிலிருந்து டின்னில் அடைத்த சாமான் மலையேறும். இறைச்சி வாங்கி வருவதற்கென்றே ஓர் ஆளைத் தலையில் தகரப் பெட்டியோடு டவுனுக்கு அனுப்புவார்கள். துரைமார் அதற்கு 'பீஃப் பாக்ஸ்' என்று பெயரே வைத்திருந்தார்கள். யோசித்துப் பாருங்கள்: பல மைல் தூரம் தலையில் இறைச்சியைச் சுமந்துகொண்டு நடக்கிறவன் வயிற்றில் பழைய சோறு. நம் நாட்டின் முதல் ஹோம் டெலிவரி அதுதான். டிப்ஸ் கிடையாது.

இரண்டு அடுப்புக்கும் நடுவே ஏறி இறங்கியவன் பங்களா அப்பு. பகலெல்லாம் வெண்ணெயும் பாலும் போட்டுக் கிண்டிவிட்டு, ராத்திரி பின்கட்டில் கருவாடு சுட்டுச் சோறு தின்பவன். வெள்ளைக்காரச் சமையலின் ரகசியமும் தெரியும், நம் சமையலின் ருசியும் தெரியும். இப்படிப்பட்ட ஒருவனை இரண்டு பக்கமும் நம்பக்கூடாது. முதல் திருட்டு அவன் கையால்தான் நடந்தது.

துரைக்குச் சளி பிடித்திருக்கும். அப்பு மிளகு தட்டிப் போட்டு, புளி கரைத்து, பூண்டு நசுக்கி மிளகுத்தண்ணி வைத்துக் கொடுத்திருப்பான். சளி போயிற்று, ரசம் நின்றுவிட்டது. ஆனால் சோற்றில் பிசைந்து தின்கிற பொருளுக்குத் துரையின் மேசையில் இடமில்லை. கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் குடித்தால்தான் மரியாதை. கொஞ்சம் கோழி, கொஞ்சம் மாவு, கொஞ்சம் பால் சேர்த்ததும் மிளகுத்தண்ணிக்கு 'மல்லிகாட்டானி' என்று ஞானஸ்நானம் ஆயிற்று. அப்பு இப்படித்தான் செய்தானா என்று கேட்காதீர்கள். மதராசிலும் கொழும்பிலும் கண்டியிலும் ஆயிரம் அடுப்பில் ஆயிரம் அப்புமார் செய்தது; எங்கள் மலையிலும் ஒருவன் செய்திருப்பான் என்பது என் ஊர்ப்பற்று.

1878இல் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் கென்னி-ஹெர்பர்ட் என்கிற மதராஸ் பட்டாள அதிகாரி ஒரு சமையல் புத்தகம் எழுதினார். தமிழ்ச் சமையற்காரன் எல்லோருக்கும் 'ராமசாமி' என்று ஒரே பெயரை வைத்து, ராமசாமிக்குப் பிரெஞ்சுச் சமையல் கற்றுக் கொடுப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக விளக்கினார். அதே புத்தகத்தில் மிளகுத்தண்ணி சூப்புக்கும் இடம் உண்டு. ராமசாமிக்குச் சமைக்கத் தெரியாது; ராமசாமியின் ரசம் மட்டும் வேண்டும். சின்னையா மகனின் ஹோட்டல் முதலாளிகளுக்கு இந்த வைவர்ன்தான் மூதாதை.

மல்லிகாட்டானியின் புகழ் எங்கே போய் முடிந்தது தெரியுமா? ஜெர்மனியில். 1963இல் ஹம்பர்க் தொலைக்காட்சி நிலையம் 'டின்னர் ஃபார் ஒன்' என்று ஒரு குறுநாடகத்தைப் பதிவு செய்தது. தொண்ணூறு வயது சீமாட்டி ஒருத்தி பிறந்தநாள் விருந்து வைக்கிறாள். அழைத்த நாலு நண்பர்களும் எப்போதோ செத்துப்போனவர்கள். அவர்களுக்காகச் சமையல் பரிமாறி, அவர்கள் பங்குச் சாராயத்தையும் குடித்து, புலித்தோலில் தடுக்கி விழுகிற பட்லர் முதலில் கொண்டுவருவது எது? மல்லிகாட்டானி சூப். ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் திகதியும் ஜெர்மன்காரர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்த ஊரில் இருக்கிற நம் சனமும் சேர்ந்து பார்க்கிறது, உள்ளே அடுப்பில் ரசம் கொதிக்க. இரண்டும் சொந்தம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அப்பாயியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சூப்பில் பால் ஊற்றுவார்கள் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். மேலே கேட்க அவளால் முடியவில்லை.

*

இதுவரை படித்தவர்கள் நான் அப்பாயி கட்சி என்று முடிவு கட்டியிருப்பீர்கள். பொறுங்கள்.

அப்பாயி அடிக்கடி சொல்லும் வார்த்தை, "நம்ம பாட்டன் காலத்துச் சாப்பாடு." அதில் இருப்பது என்ன? ரொட்டி, கட்டச் சம்பல், மரவள்ளிக் கிழங்கு, பருப்பு, சாயத்தண்ணி. ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றி விசாரிப்போம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. மரவள்ளியும் தென்னமெரிக்கா. எங்கள் பக்கத்து மலைகளை மூடி நிற்கும் ரப்பரும் அதே திசைதான். பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கடத்தப்பட்ட விதையின் கன்றுகள் 1876இல் கம்பஹா பக்கத்து ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்தன. இன்னொரு வேடிக்கை, ரப்பரும் மரவள்ளியும் தாவரவியலில் ஒரே குடும்பம். ஆமணக்கும் அதே வீடு. துரைக்காக நட்டது பங்காளி ஒருவன். லயத்துக்குப் பின்னால் நாங்கள் நட்டது இன்னொரு பங்காளி. ஒருவன் லண்டனில் டயராக ஓடினான். மற்றவன் எங்கள் சட்டியில் வெந்தான். தேயிலை, 1869இல் இலைநோய் வந்து காப்பியைச் சாய்த்த பிறகு அந்த இடத்தில் உட்கார்ந்த வந்தேறி. நாமும் வந்தேறிகள்தான் என்பதால் அதைக் குத்திக்காட்டுவது அழகல்ல.

பருப்புக்கு மட்டும் எங்கள் மாவட்டத்தில் தனி வரலாறு உண்டு. 1934-35இல் இலங்கையில் மலேரியா கொள்ளை நோயாகப் பரவியபோது கேகாலை மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. என். எம். பெரேராவும் அவர் தோழர்களும் ஊர் ஊராக வந்து பருப்பும் மருந்தும் கொடுத்தார்கள். அவர் லண்டனில் லாஸ்கியிடம் படித்து டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர். எங்கள் பக்கத்துச் சனம் அந்தப் பட்டத்தைத் திரும்பியும் பார்க்காமல் தானாக ஒரு பட்டம் கொடுத்தது: 'பருப்பு மஹத்தயா.' 1936இல் ருவன்வெல்லைத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. பருப்பு வெந்தது.

அதைவிடப் பெரிய சமையல் புரட்சி ஒன்று அந்த மலேரியா நிவாரணத்தின்போதே நடந்தது. நோயைவிடப் பட்டினிதான் சனங்களைக் கொல்கிறது என்று கண்ட டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் டாக்டர் மேரி ரட்ணமும் மார்மைட் கொடுக்கத் தீர்மானித்தார்கள். பியர் வடித்த மண்டியில் செய்த கறுப்புக் களி அது. உப்புக் கரிக்கும். அதைக் கரண்டியில் எடுத்து நீட்டினால் எவன் வாய் திறப்பான்? உருண்டை பிடித்து நாட்டு வைத்தியர் மாத்திரை மாதிரி ஆக்கினார்கள். வெதமாத்தயா கொடுக்கிற குளிகை என்று நினைத்துச் சனம் விழுங்கியது, பிழைத்தது. புத்தம் புதுச் சரக்கு பாட்டன் காலத்து வேடம் போட்டால் விலைபோகும் என்பதை எங்கள் மாவட்டம் தொண்ணூறு வருடத்துக்கு முன்பே நிரூபித்துவிட்டது. இன்றைக்கு மண்சட்டியில் ஐஸ்கிரீம் வைத்து விற்கிறவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

*

இனி ரொட்டி. வழக்கின் முதலாம் எதிரி.

அப்பாயி எங்கள் பரம்பரைச் சொத்தாக நினைக்கும் ரொட்டிக்கு வயது நூறு கூட இல்லை. 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு போட்டான். அப்போது சிவில் பாதுகாப்புக்கும் உணவுக்கும் ஆணையாளராக இருந்தவர் ஒலிவர் குணதிலக்க. அரிசிக்குப் பங்கீடு வந்தது. குறைந்த அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. என்னைக் கேட்டால் மலையகத்துப் பாரம்பரிய ரொட்டியின் தந்தை சர் ஒலிவர்தான். லயத்துக்கு லயம் அவர் படத்தை மாட்டி, ரொட்டி மாலை போட்டிருக்க வேண்டும்.

சோறும் கூழும் மட்டும் தெரிந்த அடுப்புக்கு அந்த வெள்ளைப் பொடி ஒரு வெளிநாட்டு நவீனம். அப்பாயியின் அம்மாவுக்கு முதல் தடவை மா கிடைத்தபோது அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. கேப்பைக் கூழ் மாதிரி கொதிநீரில் கரைத்துக் கிண்டினாளாம். கூழ் பசையாகிவிட்டது. யாரும் தின்னவில்லை. வீணாக்க மனமில்லாமல் அந்தப் பசையில் நேரு படத்தைக் காம்பராச் சுவரில் ஒட்டினார்கள். அந்த லயத்தை இடிக்கிறவரைக்கும் நேரு விழவில்லை. அவ்வளவு பிடிமானம். "மாவுச் சோறு மாட்டுக்குக்கூட ஆகாது" என்று தீர்ப்புச் சொன்ன கிழவி, தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் உப்பும் போட்டுத் தட்டையாகத் தட்டிச் சுடப் பழகிய பிறகு அந்தத் தீர்ப்பைத் தானே விழுங்கிக்கொண்டாள். ரொட்டியை மடித்து மடியில் கட்டிக்கொண்டு மலையேறலாம். ஒரு கையில் கொழுந்து, ஒரு கையில் ரொட்டி. சாயந்திரம் வரை ஊசாது. சோற்றால் இது முடியுமா? அவள் மகள், அதாவது அப்பாயி, ரொட்டியைப் பார்த்துக்கொண்டே பிறந்து வளர்ந்தாள். அவளுக்கு அது பாட்டன் காலத்துச் சாப்பாடு ஆகிவிட்டது. ஒரு தலைமுறையின் பஞ்சம் அடுத்த தலைமுறையின் பாரம்பரியம்.

இதை நான் சொன்னபோது சின்னையா மகன் கைதட்டினான். அப்பாயி என்னைப் பார்த்து, "ஒனக்கு நாளைக்கி ரொட்டி இல்ல" என்றாள். நடுவர் வேலையில் இப்படியான ஆபத்துகள் உண்டு.

சோறும் சும்மா இருக்கவில்லை. 1952இல் இலங்கையும் சீனாவும் ரப்பர்-அரிசி ஒப்பந்தம் போட்டன. கொரியப் போர் நேரம், சீனாவுக்கு ரப்பர் விற்றால் அமெரிக்காவுக்குக் கோபம் வரும், வந்தது. ஆனாலும் வருடத்துக்கு 50,000 தொன் ரப்பர் அங்கே போக, 2,70,000 தொன் அரிசி இங்கே வருவதென்று கணக்கு. ஆக, விடியற்காலை தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு எங்கள் ஆட்கள் வெட்டிய பால் சீனாவில் டயராகச் சுழன்றது. சீனத்துக் குடியானவன் அறுத்த அரிசி புளத்கொகுபிட்டியப் பானையில் கொதித்தது. இன்று 'எங்கள் மண்ணின் அரிசி' என்று மெனுவில் எழுதுகிறவர்கள் எந்த மண் என்பதை ஒருமுறை யோசிக்கலாம்.

அந்த ஒப்பந்தத்து மை காய்வதற்குள் 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றினார்கள். ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால். நாடே நின்றது. மந்திரிமார் பயந்துபோய்க் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் நியூஃபவுண்ட்லாந்தில் ஏறிக் கூட்டம் போட்டார்கள். பிரதமர் டட்லி சேனாநாயக்க பிறகு பதவியை விட்டார். கப்பலில் அன்று மந்திரிமாருக்குச் சோறு போட்டிருக்க மாட்டார்கள் என்று அப்பாயி சத்தியம் செய்கிறாள். அவள் அளவில் அதுதான் நியாயம். என் கணக்கு வேறு: அரசாங்கம் முதலில் கொத்து அரிசியைப் பிடுங்கியது, பிறகு நாடு கொத்து ரொட்டியைக் கண்டுபிடித்து அந்தப் பழியைத் தீர்த்துக்கொண்டது.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் குடியுரிமை இல்லாத எங்களை அரிசி மாதிரியே அளந்து பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று 1,50,000 பேர். போனவர்கள் மடியில் ரொட்டியும் போயிற்று. அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் அதைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்து, "இது என்னா, ஓடு மாதிரி இருக்கு" என்றார்களாம். அதே தமிழ்நாட்டில் இன்று 'சிலோன் பரோட்டா' என்று எழுதாத புரோட்டாக் கடை குறைவு. இலங்கையில் தேடினால் அந்தப் பெயரில் ஒன்று கிடைக்காது. நம் சனம் சிலோனில் சிலோன்காரன் என்று ஏற்கப்படாதவர்கள், இந்தியாவில் சிலோன்காரன் என்று விலக்கிவைக்கப்பட்டவர்கள். பரோட்டாவுக்கு மட்டும் அந்தப் பெயரிலேயே குடியுரிமை.

எழுபதுகளை நான் வேகமாகத் தாண்டப் போகிறேன். சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவோம் என்று பேசி வந்த ஆட்சியில், ஊருக்கு ஊர் தடை போட்டு அரிசிப் பையைச் சோதித்தார்கள். சாப்பாட்டுக் கடையில் சோறு பரிமாறக்கூடாத நாள்களும் இருந்தன. கடையில் பருப்பு அரிதானது. 1973-74இல் தோட்டங்களில் சனம் பட்டினியால் செத்தது. அந்த வருடங்களைப் பற்றி அப்பாயி நகைச்சுவையாக எதுவும் சொல்வதில்லை. மரவள்ளிக் கிழங்கை மட்டும் இன்றுவரை தோல் மெலிசாகச் சீவுவாள். பருப்பு மஹத்தயா அந்த ஆட்சியில் 1975 வரை நிதியமைச்சர். 1977இல் யட்டியாந்தோட்டையில் தோற்றுப்போனார்.

*

1977க்குப் பிறகு இறக்குமதிக்குக் கதவு திறந்தது. சாமான் வந்தது, பல்ப் வந்தது, பெயர்ப்பலகை வந்தது. எங்கள் பக்கத்து பஜாரில் ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. என் நினைவில் அது முதலில் 'சைவ ஹோட்டல்'. பிறகு 'கபே'. பிறகு 'ரெஸ்டூரன்ட்'. இப்போது 'ஃபேமிலி ரெஸ்டூரன்ட்'. நாலு பலகைக்கும் ஒரே சமையற்காரர், ஒரே ரசம். ஃபேமிலி என்று போட்ட பிறகு நடுவில் ஒரு தட்டி மறைப்பு வைத்தார்கள். அதற்குள் உட்கார்ந்தால் பத்து ரூபாய் கூட. மெனுவில் நாசிகோரி இருக்கிறது, டெவல் சிக்கன் இருக்கிறது, சூப்பும் இருக்கிறது. சூப் கேட்டால் ரசத்தில் முட்டையை உடைத்து ஊற்றிக் கொண்டுவருவார். வைவர்ன் துரை இதைப் பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார். நான் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

எதிர்ப்பக்கம் கண்ணாடி போட்ட புதுக்கடை ஒன்று வந்தது. அங்கே கொத்து. மட்டக்களப்பார் கொத்து தங்கள் பிள்ளை என்கிறார்கள், இருக்கட்டும். சாயந்திரம் ஆறு மணிக்கு இரும்புத் தகட்டில் இரண்டு தகடு மோதும் அந்தத் தாளம் தொடங்கினால் சைவக் கடைக்காரர் வானொலியின் சத்தத்தைக் கூட்டுவார். அவன் 'டக்கட டக்கட' என்பான். இவர் 'விநாயகனே' என்பார். நடுவில் நாங்கள் பஸ்ஸுக்கு நின்றோம். கொத்தின் உள்ளே இருப்பதும் அதே 1942 மா என்பதையும், சர் ஒலிவர் தெருவின் இரண்டு பக்கமும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் யாரும் கவனிக்கவில்லை.

இந்தப் போரில் லயத்து அடுப்பு ஒரே ஒரு தடவை நேருக்கு நேர் வென்றது. 2021 கடைசியில் நாடெங்கும் கேஸ் அடுப்புகள் வெடித்தன. 2022இல் கேஸே இல்லை. கொழும்பில் வெறும் சிலிண்டரைக் கயிற்றில் கட்டி வரிசையில் வைத்துவிட்டுச் சனம் பக்கத்தில் படுத்துத் தூங்கியது. கடைகள் மூடின. சின்னையா மகனை ஹோட்டலில் சம்பளமில்லா லீவில் அனுப்பினார்கள். வந்தான். அவன் ஊரில் வாங்கிக் கொடுத்திருந்த கேஸ் அடுப்பின் மேல் அப்பாயி பூச்சாடி வைத்திருந்தாள்.

அன்று காலை செஃப் அடுப்பு மூட்டிய காட்சியை நான் மறக்கமாட்டேன். பத்து வருடம் குமிழைத் திருகியே தீ பார்த்தவன். பச்சை விறகை அடியில் வைத்துக் காய்ந்ததை மேலே வைத்தான். ஊதாங்குழலைத் திருப்பிப் பிடித்து இழுத்தான். சாம்பல் உள்ளே போயிற்று. மூன்று காம்பராவுக்குப் புகை. பக்கத்து லயத்துக்காரர்கள் தீப்பிடித்துவிட்டதென்று வாளியோடு ஓடிவந்தார்கள். அப்பாயி அவனை நகர்த்திவிட்டு, காய்ந்த ரப்பர் சுள்ளி நாலை எடுத்துக் குறுக்கும் மறுக்கும் அடுக்கி, ஒரே ஒரு ஊது.

"ஹோட்டல்ல இத சொல்லித் தரலியா?"

ரப்பர் விறகு எப்படி எரியும், எப்போது தணலாகும், ரொட்டித் தட்டு காய்ந்ததை எந்த வாசனையில் அறிவது, கட்டச் சம்பலை ஏன் கரண்டியால் கலக்காமல் அம்மியில் வழித்து எடுக்க வேண்டும் என்று ஐந்து மாதம் அவனுக்குப் பாடம் நடந்தது. ஒரு நாள் தேங்காய்ப்பூ தணலில் விழுந்து கருகியது. அவன் அதை எடுத்து வாயில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்போதே எனக்குச் சந்தேகம்.

இப்போது பாருங்கள் கூத்தை. கித்துல்கலைப் பக்கம் போனால், 1957இல் வந்த 'குவாய் நதிப் பாலம்' படத்தைப் பிடித்த அதே ஆற்றில் படகு விட வருகிற வெள்ளைக்காரருக்கு மண்சட்டியில், விறகடுப்பில் வைத்துச் சோறு போடுகிறார்கள். பளிங்குக் கடைக்காரன் புகை வேண்டும் என்கிறான். எங்கள் லயத்திலோ ரைஸ் குக்கர், பிள்ளைகளுக்கு நூடுல்ஸ். நியூயார்க்கில் 2021இல் திறந்த 'செம்மா' என்ற கடையில் நத்தம் பக்கத்து விஜயகுமார் நத்தைப் பிரட்டல் செய்து மிஷெலின் நட்சத்திரம் வாங்கினார்; 2025இல் அங்கே பெரிதாகப் பேசப்படும் ஜேம்ஸ் பியர்ட் விருதையும் வாங்கினார். மழைக்காலத்தில் வயல் வரப்பில் பொறுக்கித் தின்ற நத்தை. அவர் தான் வந்த இடத்தை மறைக்காமல் சொன்னவர் என்பதால் அந்த நட்சத்திரத்தில் எனக்கும் ஒரு துளி சந்தோஷம். அப்பாயிக்குப் படத்தைக் காட்டினேன். "நத்தைக்கா? சிப்பியில வச்சா குடுக்குறாங்க? கழுவுனாங்களா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

*

வெள்ளைத் தட்டு இரவுக்குத் திரும்பி வருவோம். முக்கால் ரொட்டிக் கேள்விக்குச் செஃப் பதில் சொல்லவில்லை. அப்பாயி அடுத்த கேள்விக்குப் போனாள்.

"இது என்னா வெல?"

அவன் தொகையைச் சொன்னான். தேயிலைத் தொழிலாளிக்கு அந்த வருடம்தான் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆகியிருந்தது. அவன் சொன்னது அதைவிடக் கொஞ்சம் கூட.

அப்பாயி விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். நாற்பது வருடம் செக்ரோலில் விழுந்த பேரை எண்ணிய விரல் அது.

"கா ரொட்டிக்கு முழுப்பேரா?"

"இடத்துக்கும் சேத்துத்தான் அப்பாயி. ஏசி, லைட்டு, மியூசிக்கு..."

"ஒரு முழு ரொட்டிக்கு நாலு பேரு. நான் ஒரு நாளைக்கி இருவது ரொட்டி சுட்டேன். எம்பது பேரு." நிறுத்தினாள். "தேங்கா கருகுனது யாரு அடுப்புல?"

"ஒங்க அடுப்புலதான். அதான் அப்பாயி, மெனுவுல பெருமையா போட்டிருக்கோம். பாருங்க."

போனை நீட்டினான். சாய்வெழுத்தில் ஆங்கிலம். அவனே தமிழில் படித்துக் காட்டினான்: 'கிராண்ட்மாவின் தோட்டத்து ரொட்டி, ரப்பர் விறகில் புகையூட்டிய தேங்காயுடன்.'

"கிராண்ட்மான்னா நீங்கதான் அப்பாயி. ஒங்க பேரு போட்டிருக்கு."

அப்பாயி போனை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். அடுப்பில் அடுத்த ரொட்டி கிடந்தது. அதைத் திருப்ப வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

"பேரு போட்டது சரி" என்றாள். "எத்தன பேரு போட்டீங்க?"

செஃப் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். ரொட்டி கருகும் வாசனை வந்தது.